பீரங்கி எட்டும் தூரம்: மணிலாவின் பினோண்டோவில் ஐந்து நாள்

முதல் நாள், செப்டம்பர் 24

எங்கள் ஊர்ப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மார்க்கெட் கமிட்டிப் பலகையில் விலை எழுதும்போது 'மணிலா'. "இந்த வருஷம் ரெண்டு ஏக்கர் மணிலா போட்டிருக்கேன்" என்று திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் யார் சொன்னாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். ஸ்பானியர் கப்பலில் பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவில் இறங்கி, அங்கிருந்து நம் கரைக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். சின்ன வயதில் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்தவள் நான். நகக்கண்ணில் ஏறிய செம்மண் மாதிரி அந்தப் பெயரும் என்னோடே இருந்தது. 56 வயதில், வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, இன்றுதான் அந்தப் பெயருக்கு உரிய ஊரில், பிலிப்பைன்ஸின் தலைநகரில், கால் வைத்திருக்கிறேன்.

தம்பி மகன் இங்கே மருத்துவம் படிக்கிறான். ஒரு வாரம் விடுமுறை போட்டு அத்தையைச் சுற்றிக் காட்ட வந்திருக்கிறான். "எல்லாரும் போராக்காய், பலாவான்னு கடற்கரைக்குத்தான் போவாங்க அத்தை. நீங்க பினோண்டோவிலேயே அஞ்சு நாள் இருக்கணும்னு சொல்றீங்களே" என்று ஆச்சரியப்பட்டான். வரலாறு சொல்லிக்கொடுத்தே இருபத்தெட்டு வருடம் கழித்தவள் நான். உலகத்தின் மிகப் பழைய சைனா டவுன் இதுதான் என்று படித்த நாளிலிருந்து, ஒரு ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்று நடந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

காரில் போகலாம் என்றவனை ஆற்று வழியாகக் கூட்டிப்போகச் சொன்னேன். குவாதலூப்பே படித்துறையில் பெயரும் ஊரும் எழுதிக்கொடுத்தால் போதும், படகில் கட்டணமில்லை. பாசிக் ஆறு நீளமான ஆறு அல்ல. கிழக்கே லகூனா ஏரியில் புறப்பட்டு, 25 கிலோமீட்டர் ஓடி, மணிலா விரிகுடாவில் விழுகிறது. கோடையில் ஏரியின் மட்டம் தாழ்ந்து கடலில் ஓதம் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடி, உப்புத் தண்ணீர் ஏரிக்கே போய்விடுமாம். இது மழைக்காலம், தண்ணீர் கடல் பார்த்துத்தான் போகிறது. அதோடு போகிறது ஆகாயத்தாமரை. ஏரியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த திட்டுத் திட்டான ஆகாயத்தாமரை, சில இடத்தில் படகையே மெதுவாகப் போகச்செய்யும் அளவுக்கு. மலகான்யாங் அதிபர் மாளிகையைக் கடக்கும்போது போனை உள்ளே வைக்கச் சொன்னார் படகுக்காரர். அந்த இடத்தில் படம் எடுக்கக் கூடாது. படகில் இருந்த அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

எஸ்கோல்தாவில் இறங்கினோம். ஆற்றின் வடகரை, கடலுக்கு ரொம்பப் பக்கம். நேர் எதிர்க்கரையில் ஸ்பானியரின் மதில் நகரமான இன்ட்ராமுரோஸ். ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கங்களில் எஸ்தெரோ என்று சொல்லும் இரண்டு ஓடைகள். ஓதம் ஏறி இறங்கும் இந்த ஓடைகள் நடுவில் சிக்கிய நிலத்தைப் பழைய நாளில் பினோண்டோத் தீவு என்றே சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 0.66 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் 160 ஏக்கர் சொச்சம். அதற்குள் 10 பராங்காய்கள், சுமார் 20,000 பேர். பராங்காய் என்பது நம் வார்டு மாதிரி, ஆனால் அதற்கென்று தலைவரும் அலுவலகமும் உண்டு.

ஊர்ப் பெயர் 'பினுண்டோக்' என்ற சொல்லிலிருந்து வந்தது, இந்தப் பக்கத்து மக்கள் பேசும் தகாலோக் மொழிச் சொல். புண்டோக் என்றால் மலை, ஆக மேட்டுப் பகுதி என்று பொருள். சாயங்காலம் முழுக்க நடந்து அந்த மேட்டைத் தேடினேன். தரை தட்டையாகக் கிடக்கிறது. சேறும் சதுப்புமான ஆற்று முகத்தில் கொஞ்சம் உயர்ந்த இடம் எதுவும் மலையாகத்தான் தெரிந்திருக்கும். நானூறு வருடமாக ஊர் மேல் ஊர் கட்டியதில் அந்த உயரம் எங்கோ கீழே போய்விட்டது.

இரண்டாம் நாள், செப்டம்பர் 25

இன்று பினோண்டோவை விட்டு வெளியே நின்று பினோண்டோவைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால்தான் இந்த ஊர் புரிகிறது.

காலையில் ஜோன்ஸ் பாலத்தைக் கடந்து தென்கரைக்குப் போனோம். இதே இடத்துக்குப் பக்கத்தில்தான் பாசிக் ஆற்றின் முதல் பாலத்தை 17ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். 1863 நிலநடுக்கத்தில் அது சிதைந்தபின் ஸ்பெயின் பாலம் என்று ஒன்று வந்தது. பிறகு அமெரிக்கர் காலத்தில் இந்த ஜோன்ஸ் பாலம். 1945இல் ஜப்பானியர் பின்வாங்கும்போது ஆற்றுப் பாலங்களை எல்லாம் வெடிவைத்துத் தகர்த்தார்கள், இதையும் சேர்த்து. இப்போது இருப்பது அதற்கப்புறம் கட்டி, 2019இல் பழைய சிலைகளும் விளக்குகளுமாக அலங்கரித்தது. பாலத்தின் தென்கோடியில் மணிலா தலைமை அஞ்சலகம், வரிசையான பெரிய தூண்களோடு. 2023 மே மாதம் தீப்பிடித்து உள்ளே எல்லாம் போய்விட்டது. ஜன்னல்களுக்கு மேலே கரி படிந்திருக்கிறது. ஒரு கட்டடத்தின் முகம் அப்படியே இருந்து உள்ளே வெறுமையாக இருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அஞ்சலகத்துக்கு அருகே, இன்று பூங்காவும் ஜீப்னி என்ற சிற்றுந்துகளின் நிறுத்தமும் இருக்கிற பக்கத்தில்தான் ஒரு காலத்தில் பாரியான் இருந்தது. சீனர்கள் தங்கவேண்டிய இடம் என்று ஸ்பானியர் 1580களில் ஒதுக்கிய குடியிருப்பு. மதிலுக்கு வெளியே. ஆனால் மதில் மேல் இருந்த பீரங்கி எட்டும் தூரத்தில்.

இந்த ஒரு அளவுகோல்தான் எனக்கு இந்த ஊரின் சாவி. தள்ளி வைக்கவும் முடியவில்லை, பக்கத்தில் வைக்கவும் பயம். புகியான் கரையிலிருந்து வந்த சீனர்கள் இல்லாவிட்டால் மணிலாவில் ரொட்டி சுட ஆள் இல்லை, செருப்புத் தைக்க ஆள் இல்லை, கல் கட்டடம் எழுப்ப ஆள் இல்லை. 1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் நடந்த கப்பல் வாணிபத்தில், மெக்சிகோவிலிருந்து வந்த வெள்ளிக்கு ஈடாகப் போன பட்டும் பீங்கானும் சீனத் தோணிகளில் வந்தவை. இந்தச் சீனர்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் சங்லேய். ஹொக்கியன் மொழியில் வியாபாரத்தைக் குறிக்கும் செங்-லி என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்கிறார்கள்.

மணிலாவின் முதல் பிஷப் தொமிங்கோ தெ சலாசார் 1590இல் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவர் வந்து கடை போட்டார். ஒரு சீனன் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஓரமாக நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். பிறகு தனியாகக் கடை வைத்தான். கொஞ்ச நாளில் முதலாளிக்கு வேலையே இல்லை, ஊரில் அத்தனை பேரும் சீனனிடம் போனார்கள். பிஷப் மெச்சித்தான் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அதிகாரிகளில் எத்தனை பேர் மெச்சியிருப்பார்கள் என்று தெரியவில்லை. பயமும் அந்த வரியிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

இனி பினோண்டோ. 1593 அக்டோபரில் ஆளுநர் கோமெஸ் பெரேஸ் தாஸ்மரீனியாஸ் மொலுக்காஸ் தீவுகள் மேல் படையெடுத்துப் புறப்பட்டார். துடுப்புப் போட 250 சீனர்களைப் பிடித்துக்கொண்டு போனார். படாங்காஸ் கரையோரம் ஓர் இரவில் துடுப்புக்காரர்கள் எழுந்து அவரைக் கொன்றுபோட்டார்கள். அடுத்து ஆளுநர் பொறுப்பேற்றவர் அவருடைய மகன் லூயிஸ். தகப்பனைக் கொன்ற இனத்தின் மேல் அவர் என்ன செய்வார் என்று எதிர்பார்ப்போம்? அடுத்த ஆண்டே, 1594இல், ஆற்றின் வடகரை நிலத்தை விலைக்கு வாங்கி, ஞானஸ்நானம் பெற்ற சீனர்களுக்குக் கொடுத்தார். வரி கிடையாது, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளலாம். அதுதான் பினோண்டோ.

மதம் மாறிய சீனர் ஆற்றுக்கு வடக்கே, மாறாதவர் ஆற்றுக்குத் தெற்கே பாரியானில். இந்தப் பக்கம் வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் மெஸ்தீசோக்கள் ஆனார்கள். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் தகப்பன் வழி மூதாதையான தொமிங்கோ லாம்கோ 1697இல் பாரியான் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற சீனர்தான்.

லூயிஸின் கதை அதோடு முடியவில்லை. 1603இல் சீனத்திலிருந்து அதிகாரிகள் மூன்று பேர் வந்து, மணிலாவுக்குப் பக்கத்துக் கவீத்தேயில் தங்கமலை இருக்கிறதாமே என்று விசாரித்தார்கள். ஸ்பானியருக்குச் சந்தேகம் பிறந்தது. சந்தேகத்தைப் பார்த்துச் சீனருக்குக் கிலி பிறந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பயந்து, கடைசியில் கலகம் மூண்டது. அதை அடக்கப் போன படைக்குத் தலைமை தாங்கி வெட்டுப்பட்டு இறந்தவர் அதே லூயிஸ் தாஸ்மரீனியாஸ். பிறகு நடந்த வேட்டையில் சுமார் 20,000 சீனர்கள் மாண்டார்கள். ஊரில் செருப்புத் தைக்கவும் ரொட்டி சுடவும் ஆளில்லாமல் போனது. சில வருடங்களில் சீனர்கள் திரும்பி வந்தார்கள், ஸ்பானியரும் வரவிட்டார்கள். 1639இல் மறுபடி அதே கொலை, 1662இல் மறுபடி.

மதில் மேல் ஏறி நின்று வடக்கே பார்த்தேன். பினோண்டோ மாதா கோயிலிலிருந்து இங்கே நிதானமாக நடந்தால் 20 நிமிடம். மதில் மேல் இன்றும் பீரங்கிகள் இருக்கின்றன. புல்வெளியில் ஒரு ஜோடி கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், செப்டம்பர் 26

மழை. விடியற்காலை தொடங்கி விடவே இல்லை. பத்து மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், பதினொன்றுக்கு முழங்காலுக்குக் கீழே. என் செருப்பு வார் அறுந்து, ஒற்றைச் செருப்போடு ஒரு மிட்டாய்க் கடைப் படியில் ஏறி நின்றேன். கடைக்காரம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வைத்தார். காசு கொடுக்கப் போனேன், கையை ஆட்டிவிட்டார்.

ஓதம் ஏறும் நேரத்தில் மழை பெய்தால் எஸ்தெரோவில் தண்ணீர் இறங்க வழியில்லை, சாக்கடை வழியே தெருவுக்குத் திரும்பி வருகிறது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கிறது, எங்கே கடைசியில் வடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆற்றுத் தரையின் மேடும் பள்ளமும் சிமெண்டுக்கு அடியில் உயிரோடுதான் இருக்கின்றன. நேற்றுமுன்தினம் நான் தேடிய மேட்டைத் தண்ணீர் எனக்குக் காட்டிக்கொடுத்தது. கோயில் பக்கம் போகப் போகத் தரை ஒரு சாண், இரண்டு சாண் உயர்ந்து காய்ந்திருந்தது. அதுதான் மலையோ என்னவோ.

மத்தியானம் அறைக்குள்ளேயே. வரவேற்பில் இருந்த பெண் கொத்தை நீட்டி "சூசி" என்றாள். சாவிக்குத் தகாலோக்கில் சூசி, ஹொக்கியன் சொல். அவளை என் தம்பி மகன் 'ஆத்தே' என்று கூப்பிடுகிறான், அக்கா என்று பொருள். பையனை 'கூயா', அண்ணன். இரண்டுமே சீனரிடமிருந்து வந்த முறைப்பெயர்கள். அதோடு விடவில்லை. இரண்டாவது அண்ணனுக்குத் தீக்கோ, மூன்றாவது அண்ணனுக்குச் சங்கோ. நாம் பெரியண்ணன், நடு அண்ணன், சின்னண்ணன் என்பதைப் போல. வெட்டியும் விரட்டியும் நடந்த இத்தனைக்கும் நடுவில், வீட்டுக்குள் கூடப்பிறந்தவர்களைக் கூப்பிடும் சொல்லையே ஒரு மக்கள் இன்னொரு மக்களிடம் வாங்கியிருக்கிறார்கள். எந்தச் சாசனத்தையும் விட இது எனக்குப் பெரிய ஆதாரம். சமையல் சொல் எளிதாகக் கைமாறும். அக்கா என்ற சொல் கைமாற வேண்டுமென்றால் ஒரே அடுப்பங்கரையில் பிள்ளைகள் வளர்ந்திருக்க வேண்டும்.

நம் சொல்லும் இங்கே இருக்கிறது. மாம்பழத்துக்கு 'மங்கா'. நம் மாங்காய் மலாய் வழியாக வந்து சேர்ந்தது. பொருளைக் குறிக்கும் 'பகாய்' நம் வகை என்ற சொல்தான்.

செப்டம்பர் மாதத்திலேயே கீழே கடையில் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது. மாதப் பெயரின் கடைசியில் 'பெர்' வந்துவிட்டால் இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கிவிட்டது.

நான்காம் நாள், செப்டம்பர் 27

வெயில். ஊரே கழுவி வைத்தது போல் இருந்தது. காலையில் எஸ்கோல்தா, பிறகு ஓங்பின் தெரு.

எஸ்கோல்தா ஒரு காலத்தில் மணிலாவின் மவுண்ட் ரோடு. இந்த நாட்டில் முதல் முதலாகச் சினிமா காட்டியது இந்தத் தெருவில், 1897இல். மின்தூக்கியும் இங்கேதான் முதலில். டிராமும் பங்குச்சந்தையும் இந்தத் தெருவில் இருந்தன. 1928இல் கட்டிய பெரேஸ்-சமானியோ கட்டடமும் அதன் எதிரே ரெஜினா கட்டடமும் இன்னும் நிற்கின்றன. இரண்டிலும் ஓவியர் ஹுவான் லூனாவின் மகன் ஆந்த்ரேஸ் லூனா தெ சான் பெத்ரோவின் கை இருக்கிறது. ஆனால் அவருடைய கட்டடங்களிலேயே அழகானது என்று சொல்லப்படும் கிறிஸ்டல் ஆர்கேட் இல்லை. கண்ணாடியும் வளைவுமாக 1932இல் கட்டியது, 1945 போரில் சிதைந்து, பின்னாளில் இடிபட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை ஒரு மாதம் நடந்த மணிலாச் சண்டையில் சுமார் 1,00,000 பொதுமக்கள் இறந்தார்கள். பின்வாங்கிய ஜப்பானியர் வைத்த தீயில் பினோண்டோவின் வணிகத் தெருக்கள் எரிந்தன. போருக்குப் பின் கட்டி எழுப்பினார்கள். 1960களில் வங்கிகளும் கம்பெனிகளும் புதிய வணிகப் பகுதியான மகாத்திக்குப் போக ஆரம்பித்தன, எஸ்கோல்தாவின் வெளிச்சம் மங்கியது. இப்போது சில இளைஞர்கள் பழைய கட்டடங்களில் காப்பிக் கடையும் கலைக்கூடமும் வைத்திருக்கிறார்கள். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியை ஒரு பையன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான், வீட்டுப் பித்தளைப் பாத்திரம் மாதிரி. பழைய கட்டடங்களை இடிக்காமல் வைத்திருக்க இவர்கள் பாடுபடுவதைப் பார்த்து மனம் நிறைந்தது. எத்தனை போய்விட்டன என்பதையும் அவர்களேதான் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்கள்.

ஓங்பின் தெருவுக்கு அந்தப் பெயர் ரொமான் ஓங்பினால் வந்தது. சீன மெஸ்தீசோ. 1882இல் ஓவியப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றைத் திறந்து அதற்கு 'எல் 82' என்றே பெயர் வைத்தவர். ஸ்பெயினுக்கு எதிரான புரட்சிக்குக் கை கொடுத்தவர். தெரு முழுக்க நகைக்கடை, மருந்துக்கடை, தின்பண்டக்கடை. மருந்துக்கடையில் மரத்தாலான சின்னச் சின்ன இழுப்பறைகள் சுவர் உயரத்துக்கு, நம் நாட்டு மருந்துக்கடை மணமேதான்.

ஹோப்பியா என்ற பணியாரம் சாப்பிட்டோம். மெல்லிய மாவு ஏடுகளுக்குள் பாசிப்பயறுப் பூரணம், நம் சுழியன் உள்ளே இருக்குமே அதைப் போல. ஊதா நிறத்தில் ஊபே ஹோப்பியாவும் உண்டு, ஊபே என்பது ராசவள்ளிக்கிழங்கு. 1912இல் தொடங்கிய எங் பீ தின் என்ற கடைதான் இந்த ஊதா ஹோப்பியாவுக்குப் பேர்போனது. அந்தக் குடும்பம் நடத்தும் தன்னார்வத் தீயணைப்புப் படையின் வண்டிகளும் ஊதா நிறம்! நெருக்கமான மரவீடுகளும் கிட்டங்கிகளுமாக இருந்த ஊரில் தீதான் பெரிய எதிரி. அரசு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாமல் சீனப் பிலிப்பினோக்கள் தாங்களே படைகளை அமைத்துக்கொண்டார்கள். எந்த வீடு எரிந்தாலும், யார் வீடாக இருந்தாலும், காசு வாங்காமல் ஓடுகிறார்கள்.

அதே தெருவோரம் சாந்தோ கிறிஸ்தோ தெ லோங்கோஸ். பொன்னிறச் சிலுவை, அதன் முன் ஊதுவத்தி நட்ட பாத்திரம். பழைய கிணறு ஒன்றில் கிடந்த சிலுவையைப் பேச்சு வராத ஒரு சீனர் கண்டெடுத்தார், உடனே அவருக்குப் பேச்சு வந்தது என்பது கதை. வயதான ஒரு அம்மாள் மூன்று ஊதுவத்தியைக் கொளுத்தி, நெற்றிக்கு நேரே பிடித்து மூன்று முறை குனிந்தார். பிறகு அதே கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு பூமாலை சாத்தினார். மாலையைப் பார்த்ததும் நான் பக்கத்தில் போய்விட்டேன். சம்பகீத்தா, இந்நாட்டின் தேசிய மலர். நம் குண்டுமல்லியேதான்! நார்க்கட்டு இல்லாமல் நூலில் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஊதுவத்தியும் மல்லிகையும் சேர்ந்த அந்த வாசனையில் கண்ணை மூடினால் எங்கள் ஊர் அம்மன் கோயில்.

கார்வஹால் என்ற சந்துக்குள் மத்தியானச் சாப்பாடு. ஒருவர் போனால் ஒருவர் ஒதுங்கவேண்டிய அகலம், இரு பக்கமும் காய், மீன், பழம். அங்கே லும்பியா. தோசையைவிட மெல்லிய ஏட்டில் கேரட், பீன்ஸ், கோஸ், கடற்பாசி எல்லாம் வைத்து, அதன் மேல் பொடித்த வேர்க்கடலையும் சர்க்கரையும் கை நிறையத் தூவிச் சுருட்டுகிறார்கள். தூவிய கையைப் பார்த்து, "அத்தை, உங்க மல்லாட்டை" என்றான் தம்பி மகன்.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 28

இன்று லொரென்சோ ரூயிஸ் திருநாள். பினோண்டோக் கோயிலில் காலையிலிருந்தே கூட்டம். ஹொக்கியனில் ஒரு பூசை, பிலிப்பினோவில் ஒரு பூசை, ஆங்கிலத்தில் ஒரு பூசை.

சீனத் தகப்பனுக்கும் தகாலோக் தாய்க்கும் 1600ஐ ஒட்டிப் பினோண்டோவில் பிறந்தவர். கோயிலில் எழுத்தர் வேலை, அழகான கையெழுத்து. மனைவியும் மூன்று பிள்ளைகளும். 1636இல் ஒரு ஸ்பானியரைக் கொன்றதாக இவர் மேல் பழி வந்தது. பிடிபட்டால் தப்பமுடியாது என்று பாதிரிமார்களோடு கப்பலேறினார். கப்பல் போன இடமோ ஜப்பான், கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம். 1637 செப்டம்பரில் நாகசாகியில் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொன்றார்கள். 1987இல் புனிதராக அறிவித்தார்கள், பிலிப்பைன்ஸின் முதல் புனிதர். சீன ரத்தம் என்பதாலேயே சந்தேகிக்கப்படக்கூடிய ஊரில் பிறந்து, சந்தேகத்துக்குத் தப்பி ஓடிய ஒருவர் இந்த நாட்டின் முதல் புனிதர். நான் அவர் சிலைக்கு முன் நெடுநேரம் நின்றேன். கடல் நடுவில் தன் பிள்ளைகளைப் பற்றித்தான் நினைத்திருப்பார்.

கோயிலின் எண்கோண மணிக்கூண்டு மட்டும் மிகப் பழையது, தட்டுத் தட்டாக உயர்ந்து சீனத்துப் பகோடாவை நினைவூட்டுகிறது. மற்றவை பல முறை அழிந்து எழுந்தவை. ஒரு முறை அழித்தவர்கள் சென்னைப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள்.

1762. பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர். சென்னைக் கோட்டையில் வில்லியம் டிரேப்பர் தலைமையில் படை திரட்டினார்கள், கார்னிஷ் என்ற தளபதியின் கப்பல்களில் ஏற்றினார்கள். அதில் நம் கரைச் சிப்பாய்கள் பல நூறு பேர். செப்டம்பர் 24ஆம் தேதி மலாத்தேயில் இறங்கினார்கள், நான் இந்த ஊரில் இறங்கிய அதே தேதி. அக்டோபர் 6இல் மணிலா விழுந்தது. அந்தப் போரில் பினோண்டோக் கோயில் எரிந்தது. சென்னைக் கவுன்சிலில் இருந்த டாசன் டிரேக் மணிலாவுக்கு ஆளுநரானார். ஸ்பானியர் கையில் பட்டிருந்த பாட்டுக்குச் சீனர்கள் பலர் புதிதாக வந்தவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். 1764இல் பிரிட்டிஷார் ஊரைத் திருப்பிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள், பழி சீனர்கள் தலையில் விழுந்தது. கிறிஸ்தவரல்லாத சீனரை வெளியேற்றச் சொல்லி ஆணை வந்தது.

சிப்பாய்களில் ஒரு பகுதி திரும்பவில்லை. கிழக்கே காயின்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் எது, பேர் எது என்று அவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. நம் மாவட்டத்துக்காரனும் அதில் இருந்திருக்கலாம்.

அதற்கு முன்னாலேயே நம் துணி இங்கே வந்துவிட்டது. ஆங்கிலேயர் கப்பலுக்கு ஸ்பானியர் துறைமுகத்தை மூடியிருந்ததால், சென்னையிலிருந்து சோழமண்டலத் துணி ஆர்மீனியர் பெயரிலும் முஸ்லிம் வணிகர் பெயரிலும் வந்து இறங்கியது. சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டிய கோஜா பெத்ருஸ் உஸ்கான் அப்படி மணிலா வாணிபத்தில் பொருள் சேர்த்தவர். அடையாற்றைத் தாண்டிப் பரங்கிமலைக்கு இத்தனை காலம் நாம் நடந்த பாலத்தில் இந்த ஆற்றங்கரைப் பணம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் தேர் புறப்பட்டது. லொரென்சோவின் சிலைக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்கு முன்னால் முரசு அடித்துக்கொண்டு சீனச் சிங்க ஆட்டம். பிளாசாவின் ஓரத்தில் ஊதா நிறத் தீயணைப்பு வண்டி ஒன்று தயாராக நின்றது.

கூட்டம் கலைந்தபின் ஒரு தள்ளுவண்டியில் ஆவி பறக்க அவித்த வேர்க்கடலை. பெரிய அலுமினியச் சட்டி, மேலே ஈரத்துணி மூடியிருந்தது. ஒரு பொட்டலம் வாங்கினேன். இங்கே இதற்கு 'மானி' என்று பெயர், ஸ்பானியர் கொண்டுவந்த சொல்.

தோலை உரித்துச் சூட்டோடு வாயில் போட்டேன். எங்கள் மார்கழிக் காலை நினைவுக்கு வந்தது.

"உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று அந்தப் பெண் கேட்டதைத் தம்பி மகன் சொன்னான்.

"மணிலா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே எதிரே இருந்த கோயிலையும் தெருவையும் கையால் சுற்றிக் காட்டி ஏதோ சொன்னாள்.

"ஊர்ப் பேரைக் கேக்கல, கடலை பேரைக் கேக்கறேன்ங்கறாங்க அத்தை."

"கடலை பேரைத்தான்டா சொன்னேன். நல்லா விளக்கிச் சொல்லு" என்று அவனைச் சொல்லவிட்டு, வண்டியோரம் நின்று முழுப் பொட்டலத்தையும் உரித்துத் தின்றேன். அவன் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அளக்கும் டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் சட்டியிலிருந்து இன்னொரு கை அள்ளி என் பொட்டலத்தில் போட்டாள்.